கட்டியில் கண்ட ஜீன் மாற்றம் பிள்ளைகளுக்கும் வருமா?

சாயல்குடியை ஒட்டிய கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களைத் தவிர்த்து அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 55 வயது. பீடி, சிகரெட், புகையிலை எதையும் தொட்டதில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து பனங்காட்டு விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் ஓலைக் கொட்டகையில், அடுப்பு முன்னால் உட்கார்ந்து பதநீர் காய்ச்சியவர். பங்குனியில் ஆரம்பித்தால் ஆடி வரை அந்த வேலைதான். போன வருடம் இருமல் வந்தது. சளியில் கிருமி தெரியாமலேயே காசநோய் மாத்திரை நான்கு மாதம் சாப்பிட்டும் குறையவில்லை. பிறகு மதுரையில் சிடி ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் செய்ததில், நுரையீரலில் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோய் என்றும் எலும்புக்குப் பரவியிருக்கிறது என்றும் தெரிந்தது. கட்டியைச் சோதித்த அறிக்கையில் 'ஈஜிஎஃப்ஆர் மியூட்டேஷன், எக்ஸான் 19 டெலீஷன், பாசிட்டிவ்' என்று இருந்தது. அதாவது ஈஜிஎஃப்ஆர் என்ற ஜீனில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கிறது. ஜெஃபிட்டினிப் என்ற மாத்திரையை தினம் ஒன்று கொடுக்கிறார்கள். இரண்டு மாதத்தில் மூச்சுத்திணறல் குறைந்து, இப்போது தானாக நடமாடுகிறார்.

அம்மாவின் அண்ணன், அதாவது பெரிய மாமா, ஆறு வருடத்துக்கு முன்பு இதே நுரையீரல் புற்றுநோயில் 61 வயதில் இறந்தவர். கடலுக்குப் போனவர், சிறுவயதிலிருந்தே பீடி. இப்போது வாசகிக்கு சின்ன மாமா மகனோடு நிச்சயம் ஆகியிருக்கிறது. "அண்ணனுக்கும் வந்தது, தங்கச்சிக்கும் வந்தது. ரெண்டு பக்கமும் அதே ரத்தம். பொறக்கிற பிள்ளைக்கு வராம இருக்குமா?" என்று உறவில் பேச்சு கிளம்பிவிட்டது. படகுக்குப் போகும் 24 வயதுத் தம்பியோ சிகரெட்டை விடச் சொன்னால், "ஜீன்ல இருந்தா எப்படியும் வரும், இல்லேன்னா வராது. இதை விட்டு என்ன ஆகப்போகுது?" என்கிறார். இணையத்தில் விளம்பரம் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் எச்சில் டெஸ்ட் (எச்சிலை வைத்து ஜீனைப் பார்ப்பது) எடுக்கலாமா, தனக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா நடமாடுகிறார் என்று படித்ததும் மனம் லேசானது. உங்கள் உறவினரைப் பயமுறுத்திய அந்த 'மியூட்டேஷன் பாசிட்டிவ்' என்ற வரிதான் அவரை நடக்க வைத்திருக்கிறது. அந்த மாற்றம் கட்டியில் இருப்பதால்தான் ஜெஃபிட்டினிப் வேலை செய்கிறது. இல்லாவிட்டால் வேறு சிகிச்சைக்குப் போயிருப்பார்கள்.

அந்த மாற்றம் யாருடையது?

ஜீன் மாற்றம் இரண்டு வழியில் வரும். தாய் தந்தையிடமிருந்து வருவது கருவிலேயே வந்துவிடும், உடம்பின் எல்லா செல்லிலும் இருக்கும், சினைமுட்டையிலும் விந்திலும் இருக்கும். பிள்ளைக்குப் போகக்கூடியது அது மட்டும்தான். இன்னொன்று, வாழ்கிற காலத்தில் ஏதோ ஓர் உறுப்பின் ஏதோ ஒரு செல்லில் மட்டும் நிகழ்வது. அந்த செல் பெருகிக் கட்டியானால் கட்டிக்குள் மட்டும் இருக்கும். ரத்த செல்களிலோ சினைமுட்டையிலோ தேடினால் கிடைக்காது. வள்ளம் கட்டும்போதே பலகையில் இருந்த விரிசலும், கடலில் ஓடும்போது பாரில் (கடலடிப் பாறையில்) இடித்து விழுந்த விரிசலும் ஒன்றல்ல, இல்லையா? அம்மாவின் எக்ஸான் 19 டெலீஷன் இரண்டாவது வகை. மதுரையில் சோதித்தது கட்டியை. அம்மாவின் வம்சத்தை யாரும் சோதிக்கவில்லை. ஆகவே அந்த மாற்றம் உங்களுக்கோ தம்பிக்கோ வந்திருக்காது. நாளை உங்கள் பிள்ளைக்கும் போகாது.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். இதே ஜீனில் டி790எம் என்று ஒரு மாற்றம் உண்டு. வழக்கமாக, ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரைகள் பல மாதம் வேலை செய்துவிட்டு வலுவிழக்கும்போது கட்டியில் புதிதாகத் தலைகாட்டுவது அது. ஆனால் மிக அரிதாகச் சில குடும்பங்களில் அது பிறவியிலேயே இருக்கிறது, நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்பது 2005இல் தெரியவந்தது. எனவே மாத்திரை தொடங்கும் முன் எடுத்த முதல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதில் டி790எம் இல்லையென்றால் இந்த வழியில் கவலைப்பட ஒன்றுமில்லை. இருந்தால் அம்மாவின் ரத்தத்தையும் சோதிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பின்னாளில் அது தோன்றினால் பதற வேண்டாம், அதற்கென்று ஓசிமெர்ட்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது.

அப்படியானால் புகைக்காத அம்மாவுக்கு ஏன் வந்தது? இந்தக் கேள்வி உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் வருகிறது. ஒரு தனி மனுஷிக்கு இதுதான் காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் 2023இல் லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவு இங்கே முக்கியம். புற்றுநோய் இல்லாத நுரையீரல் திசு மாதிரிகளைச் சோதித்ததில் 18% மாதிரிகளில் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் கொண்ட செல்கள் ஏற்கெனவே இருந்தன. வயதாக ஆக இப்படிச் சில செல்கள் சேர்வது சகஜம், பெரும்பாலும் அவை சும்மா கிடக்கும். காற்றில் இருக்கும் மிக நுண்ணிய தூசி, அதாவது பிஎம் 2.5, நுரையீரலில் அழற்சியைக் கிளப்பி, உறங்கிக் கிடக்கும் அந்த செல்களை எழுப்பிப் பெருக வைக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

அந்த ஆய்வு வெளிக்காற்றின் மாசைப் பற்றியது. ஆனால் அதே நுண்துகள் விறகுப் புகையிலும் தாராளமாக உண்டு. சீமைக் கருவேல முள்ளையும் பனைமட்டையையும் எரித்து, ஓலைக் கூரைக்கு அடியில் பல மணி நேரம் பாகு கிண்டும் பெண் எவ்வளவு புகையை உள்ளே இழுக்கிறார் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வீட்டு விறகுப் புகையை 'அனேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் வைத்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் விடும் பீடிப் புகையோ 'உறுதியாக உண்டாக்கும்' வகை. கணவர் புகைக்கும் வீட்டில், புகைக்காத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 20 முதல் 30% வரை கூடுகிறது. அப்பா புகைப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. புகைப்பவர் என்றால், அம்மா இருக்கும் வீட்டுக்குள் இனி அது வேண்டாம்.

பரம்பரைக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. ஆனால் உறவினர் நினைக்கிற அளவில் இல்லை, நினைக்கிற விதத்திலும் இல்லை. டென்மார்க், ஃபின்லாந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளின் இரட்டையர்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. புற்றுநோய் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்ற வேறுபாட்டில் மரபுக்கு எவ்வளவு பங்கு என்று அது கணக்கிட்டது. புராஸ்டேட் புற்றுநோயில் 57%. நுரையீரலில் 18%. (நூறு நோயாளிகளில் 18 பேருக்கு வம்ச நோய் என்று இதைப் படித்துவிடக் கூடாது. மக்கள்தொகை முழுவதையும் பார்க்கும் கணக்கு இது.)

பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருந்தால் ஒருவருடைய அபாயம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. புகைக்காதவர்களிடம் இந்த உயர்வு இன்னும் குறைவு. சிகரெட்டோ அபாயத்தை 15 முதல் 30 மடங்கு வரை ஏற்றுகிறது. நீங்கள் புகைக்காத 27 வயதுப் பெண். உங்களுடைய அடிப்படை அபாயமே மிகச் சிறியது, அதன் ஒன்றரை மடங்கும் சிறியதுதான்.

அபாயத்தைக் கொஞ்சம் கூட்டும் பரம்பரை மாறுபாடுகள் பலவற்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 5ஆவது குரோமோசோமில் டெர்ட் என்ற ஜீனை ஒட்டிய மாறுபாடுகள் ஆசியாவில் புகைக்காத பெண்களுக்கு வரும் அடினோகார்சினோமாவிலும் பங்கு வகிக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செய்யும் வேலை சொற்பம். இவற்றில் மிகவும் அறியப்பட்டது 15ஆவது குரோமோசோமில் இருக்கிறது, உங்கள் தம்பிக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது.

தம்பியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்

2008இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில், வெவ்வேறு மக்களிடம் தேடி, 15ஆவது குரோமோசோமின் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டின. அந்த மாறுபாடு ஒரு பெற்றோரிடமிருந்து வந்திருந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 30% கூடுகிறது, இருவரிடமிருந்தும் வந்திருந்தால் சுமார் 80% வரை. அங்கே இருக்கும் ஜீன் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால், மூளையில் நிகோட்டினைப் பிடித்துக்கொள்ளும் வாங்கியைக் கட்டும் ஜீன் அது. நிகோட்டின் அளவு மீறும்போது 'போதும்' என்று குமட்டலாய் வரும் எச்சரிக்கையில் அதற்குப் பங்கு உண்டு. 2011இல் வெளியான எலி ஆய்வில், இந்த ஜீன் நீக்கப்பட்ட எலிகள் மற்ற எலிகள் ஒதுக்கிவிடும் அளவு நிகோட்டினையும் விடாமல் எடுத்துக்கொண்டன. மாறுபாடு உள்ள மனிதர்களும் ஒரு நாளைக்கு அதிக சிகரெட் பிடிக்கிறார்கள், ஆழமாக இழுக்கிறார்கள், விடுவதற்குச் சிரமப்படுகிறார்கள். இது புகையின் அளவைக் கூட்டுவதால் மட்டும் வரும் ஆபத்தா, நுரையீரலில் நேரடியாகவும் ஏதாவது செய்கிறதா என்ற விவாதம் விஞ்ஞானிகளிடையே நடந்தது. ஆனால் பெரிய ஆய்வுகள் ஒன்றைக் காட்டின. வாழ்நாளில் புகைக்கவே புகைக்காதவர்களிடம் இந்த மாறுபாடு இருந்தும் அபாயம் கூடவில்லை.

அதாவது, ஜீனில் இருந்தால் எப்படியும் வரும் என்று தம்பி சொல்வதற்கு நேர்மாறானதைத்தான் அந்த ஜீன் சொல்கிறது. அது கெடுதல் செய்வதற்குப் புகை வேண்டும். புகையைக் கொடுக்காவிட்டால் அது சும்மா கிடக்கும். குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்திருக்கிறது என்பது சிகரெட்டை விடுவதற்கு மற்றவர்களைவிடத் தம்பிக்கு அதிகக் காரணம் தருகிறது.

பெரிய மாமாவையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். சிறுவயதிலிருந்து பீடி, கூடவே இன்ஜின் டீசல் புகை. பீடியில் வடிகட்டி கிடையாது, அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். டீசல் புகையை 2012இல் உறுதியான புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டார்கள். அவருக்கு வந்ததை விளக்க வம்சத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. அண்ணனுக்கும் தங்கைக்கும் வந்தது ஒரே பெயருள்ள நோய், ஆனால் இரண்டும் வெவ்வேறு வழியாக வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தம்பிக்கு வயது 24. சிகரெட்டை விட்ட பத்து வருடத்தில், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ராத்திரி முழுக்கப் படகில் விழித்திருக்கிறவர்களுக்குச் சிகரெட்டை விடுவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், அவரைத் திட்டுவதில் பயனில்லை. நிகோட்டின் சூயிங்கம், ஒட்டும் பட்டை, டாக்டர் சீட்டோடு கிடைக்கும் மாத்திரைகள் எல்லாம் உண்டு. 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணில் பேசக் கட்டணம் இல்லை. கரையில் இருக்கும் நாளில் அவரையே பேச வையுங்கள்.

எச்சில் டெஸ்ட்

வேண்டாம். இந்த விளம்பரங்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. ஒரு வீட்டில் நோய் வந்து எல்லோரும் கலங்கி நிற்கும் நேரமாகப் பார்த்து வந்து விற்கிறார்கள். சிறுசிறு மாறுபாடுகளைக் கூட்டிப் போடும் மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, கிழக்காசிய மக்களின் தரவுகளிலிருந்து உருவானவை. நம்மவர்களுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதே பெரிய கேள்வி. 'அபாயம் அதிகம்' என்று வந்தால் தூக்கம் போகும். 'குறைவு' என்று வந்தால் தம்பி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் புகைப்பார்.

உண்மையான பரம்பரைச் சோதனை தேவைப்படும் குடும்பங்கள் உண்டு. அம்மா வழியில் 45 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், சிறுவயதில் மூளைக் கட்டி, எலும்பு அல்லது தசைப் புற்றுநோய் என்று பலருக்கு வந்திருந்தால் டிபி53 என்ற ஜீனைச் சந்தேகிப்போம். அல்லது நான் சொன்ன டி790எம் முதல் அறிக்கையிலேயே இருக்க வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற பெரிய மையத்தில் பரம்பரைப் புற்றுநோய் ஆலோசனை பெறுங்கள். அங்கேயும் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் நோய் வந்த அம்மாதான். அவரிடம் ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் எல்லோரும் சோதித்துப் பார்ப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இப்போதைக்கு அதற்கான அறிகுறி எனக்குத் தெரியவில்லை.

கல்யாணப் பேச்சு

நுரையீரல் புற்றுநோயைக் காரணம் காட்டி இந்தக் கல்யாணத்தை நிறுத்த மருத்துவத்தில் இடமில்லை. கட்டியில் இருந்த மாற்றம் உங்களிடம் இல்லை. 15ஆவது குரோமோசோம் மாறுபாடு இரண்டு பக்கமும் இருந்து பிள்ளைக்கு இரண்டு பிரதியும் போய்விட்டால்? போகலாம், அது சொந்தமில்லாத தம்பதிக்கும் நடப்பதுதான். அந்தப் பிள்ளை புகைக்காமல் வளர்ந்தால் போதும்.

அதற்காக, சொந்தத்தில் கட்டுவதில் எந்த ஆபத்தும் இல்லை என்று நான் சொல்லிவிட்டால் அது நேர்மையாகாது. மாமன் மகன், அத்தை மகள் உறவில் எட்டில் ஒரு பங்கு ஜீன்கள் பொதுவாக இருக்கும். பிறவிக் குறையோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு பொதுவாக சுமார் 3% என்றால், இப்படிப்பட்ட திருமணத்தில் சுமார் 6%. இரு பக்கமும் சேர்ந்து வந்தால் மட்டும் தலைகாட்டும் நோய்கள்தான் இதற்குக் காரணம். உறவினர் கேட்க வேண்டிய கேள்வி புற்றுநோய் பற்றியது அல்ல. குடும்பத்தில் பிறவியிலேயே காது கேளாதவர்கள், ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள், காரணம் தெரியாமல் இறந்த கைக்குழந்தைகள் யாராவது உண்டா என்பதுதான். உண்டென்றால் கல்யாணத்துக்கு முன் ஒரு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். இல்லையென்றாலும் இருவரும் தாலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அப்புறம் முடிவு உங்கள் இருவருடையது. மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் நீங்களே நேரடியாகப் பேசுங்கள், வேறு யார் வாய் வழியாகவும் போக வேண்டாம்.

ஸ்கேன் யாருக்கு?

உங்களுக்கு இப்போது வேண்டாம். அறிகுறி இல்லாதவர்களிடம் தேடுவதற்கான குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன், நுரையீரல் புற்றுநோய் மரணத்தை 20% குறைத்தது என்று 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 55 முதல் 74 வயது வரையிலான, பல வருடம் கடுமையாகப் புகைத்தவர்கள். நம் ஊரில் பழைய காசநோய்த் தழும்பு பலருக்கு இருக்கும். ஸ்கேனில் அது புள்ளியாகத் தெரிந்து, வீணாக ஊசி போட்டுச் சதை எடுக்கும்வரை கொண்டுபோய்விடும். தைவான் 2022இல் தொடங்கிய திட்டத்தில் குடும்பத்தில் நோய் உள்ள, புகைக்காதவர்களையும் சேர்த்திருக்கிறது. அங்கேயும் நடுத்தர வயதுக்குப் பிறகுதான். உங்களுக்கு நாற்பதைத் தாண்டியதும் அன்றைய நிலவரப்படி ஒரு நுரையீரல் டாக்டரிடம் கேளுங்கள்.

ஆனால் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வந்து போகும் ஒருவரைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. சின்ன மாமா, உங்கள் வருங்கால மாமனார். 53 வயது, இன்னும் தினம் ஒரு கட்டு பீடி என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன், அக்கா இரண்டு பேருக்கும் நோய் வந்தவர், தானும் புகைப்பவர். உங்கள் குடும்பத்தில் நான் முதலில் பார்க்க விரும்புவது அவரைத்தான். அவர் ஒரு நுரையீரல் டாக்டரிடம் போய் இந்த ஸ்கேனைப் பற்றிப் பேச வேண்டும், பீடியையும் விட வேண்டும். ஸ்கேன் நன்றாக வந்தால் பீடியைத் தொடரலாம் என்று அர்த்தமில்லை. மருமகள் ஆகப்போகும் நீங்கள் சொன்னால் கேட்பாரோ என்னவோ. தயங்கினால் மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டில் யாருக்கும் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, சளியும் எக்ஸ்ரேயும் பார்க்காமல் விடாதீர்கள். காசநோய்க் கிருமி உறுதியாகாமல் மருந்து தொடங்கி, இரண்டு மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் சிடி ஸ்கேன் வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அம்மாவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போனது எனக்கு வருத்தம்.

கடைசியாக அம்மாவின் மாத்திரை. முகத்தில் பரு மாதிரி தடிப்பு, வயிற்றுப்போக்கு, நகக்கண்ணில் புண் ஆகியவை ஜெஃபிட்டினிப்பில் சகஜம். இவற்றுக்கு மருந்து உண்டு, நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கிப் போடும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இது உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும், கேட்காமல் கொடுக்காதீர்கள். நாட்டு மருந்து ஏதாவது கொடுப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். திடீரென்று இருமலோ மூச்சுத்திணறலோ கூடினால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், மாத்திரையே நுரையீரலைப் பாதிப்பது அரிதாக நடக்கும். அப்புறம், வரும் பங்குனியில் உடம்பு தேவலை என்று அவர் விடிலிக்குக் கிளம்பப் பார்ப்பார். பாகு கிண்ட இந்த வருடம் வேறு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். யார் உட்கார்ந்தாலும் அடுப்புக்குப் புகைபோக்கி வைத்து, காற்றுப் போகிற பக்கமாக ஓலையைத் திறந்து விடுங்கள்.